இரண்டு சீசன்கள்: நுவரெலியாவும் லாஸ் வேகாஸும்

ஏப்ரலில் நுவரெலியாவில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் வாடகை மற்ற மாதங்களைப் போல இரண்டு மடங்காக இருக்கும். ஜூலையில், வார நாட்களில், லாஸ் வேகாஸில் அறை மலிவு. வெளியே வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டிக் கொளுத்தும். 2024 ஜூலை 7ஆம் திகதி அது 48.9 பாகையைத் தொட்டது. ஒன்று கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் குளிரை விற்கும் ஊர். மற்றது ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீற்றர் மழையே காணும் நெவாடாப் பாலையில், வெயிலின் நினைப்பே வராதபடி குளிரூட்டிய மண்டபங்களை விற்கும் ஊர்.

கொழும்பிலோ வவுனியாவிலோ இருக்கும் குடும்பம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு மலையேறுகிறது. அதே குடும்பத்தின் டொரொன்டோக் கிளை, நீண்ட வார இறுதி ஒன்றுக்கு வேகாஸ் விமானத்தில் இடம் தேடுகிறது. இரண்டு பயணங்களுக்கும் கணக்குப் போடுகிறவர்கள் விமானச் செலவு, அறை வாடகை, சாப்பாடு என்று கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பணம் போய்ச் சேரும் இடத்தையும் கணக்கில் எடுத்தால் இரண்டு ஊர்களும் வேறு மாதிரித் தெரியும். ஒன்றில் கசினோ உண்டு, மற்றதில் இல்லை என்பது கண்ணுக்கு முதலில் படும் வேறுபாடு. அதைவிடப் பெரிய வேறுபாடு, பயணி விட்டுச்செல்லும் பணத்தில் அங்கே உழைப்பவருக்கு எழுத்தில் ஒரு பங்கு இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

யாருக்காகப் பிறந்த ஊர்கள்

இரண்டுமே வெளியாரின் வசதிக்காக எழுந்தவை. 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறியபோது, இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடு, ஆடுகளையும் விதைகளையும் மலைமேல் கொண்டுவந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தை நட முயன்றார். அவருக்குப் பின் வந்த ஆட்சியாளர்களும் துரைமாரும் அந்த வரைபடத்தை நிரப்பினார்கள். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் பெயரில் வாவி, 1875இல் குதிரைப் பந்தயத் திடல், 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் மைதானம், 1897இல் விக்டோரியா பூங்கா என்று வரிசையாக வந்தன. ரயில் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. கீழே தேயிலை ஏற்றிச் சென்ற தண்டவாளம், மேலே திரும்பும்போது விடுமுறைக்காரரை ஏற்றி வந்தது.

லாஸ் வேகாஸைப் பெற்றெடுத்ததும் ரயில்தான். 1905 மே 15ஆம் திகதி ரயில் கம்பனி பாலை நிலத்தைத் துண்டு போட்டு ஏலம் விட்ட நாளே ஊரின் பிறந்த நாள். 1931 மார்ச்சில், பெருமந்தத்தில் வருமானம் வற்றிய நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில் பக்கத்தில் ஹூவர் அணை வேலை தொடங்கி, கையில் கூலியோடு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். 1941இல் நெடுஞ்சாலையோரம் எல் ராஞ்சோ வேகாஸ், 1946இல் பாதாள உலகப் புள்ளி பக்ஸி சீகலின் ஃபிளமிங்கோ. இன்று ஸ்ட்ரிப் என்று உலகம் அறிந்த அந்தச் சாலையின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. நகர வரிக்குத் தப்ப விரும்பிய கசினோக்காரரின் ஆதரவோடு 1950இல் பாரடைஸ் என்ற தனிப் பிரிவாக அது பிரித்து வைக்கப்பட்டது.

எல்லைக்கோடு நுவரெலியாவிலும் உண்டு. மாநகர சபையின் கோடு முடியும் இடத்தில் தேயிலைத் தோட்டம் தொடங்குகிறது. பூங்காவும் வாவியும் பந்தயத் திடலும் கோட்டுக்கு உள்ளே. அவற்றைச் சுற்றிப் பச்சையாய்த் தெரியும் மலைகளும் தொழிலாளர் வாழும் லயன் வரிசைகளும் கோட்டுக்கு வெளியே. விடுமுறைக்கு வருபவர் உள்ளே தங்கி, வெளியே பார்க்கிறார்.

யார் உள்ளே வரலாம் என்ற விதியும் இரண்டிலும் இருந்தது. ஹில் கிளப் வெள்ளைக்காரத் துரைமாருக்கென்று தொடங்கியது. இன்றும் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் வேண்டும். வேகாஸில் அந்தக் காலத்தில் கறுப்பினப் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் மேடையில் பாடி மண்டபத்தை நிறைக்கலாம். அதே ஹோட்டலில் அறை எடுக்க முடியாது. கறுப்பினத்தவரை ஒதுக்கிய அந்த வழக்கம் 1960 மார்ச்சில், முலான் ரூஜ் ஹோட்டலில் நடந்த பேச்சுவார்த்தையில்தான் முடிவுக்கு வந்தது. ஊர்வலம் போவோம் என்ற எச்சரிக்கையே கசினோ முதலாளிகளை அந்த மேசைக்கு வரவழைத்தது.

தண்ணீருக்குள் போன ஊர்கள்

பாலைக்கும் மலைக்கும் தண்ணீரில் ஒப்புமை இருக்க முடியாது என்றுதான் தோன்றும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையில் நிற்பவருக்கு அந்த எண்ணம் மாறும். 1960களில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடை வீதி, கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் மூழ்க, ஊரை மேட்டில் புதிதாகக் கட்டினார்கள். வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் எச்சங்கள் வெளியே தெரியும்; பார்க்கக் கூட்டம் கூடும். ஹூவர் அணையால் எழுந்த மீட் ஏரி 1938இல் செயின்ட் தோமஸ் என்ற ஊரை விழுங்கியது. கொலராடோ ஆறு இளைத்துக்கொண்டு வரும் இந்த நூற்றாண்டில் அந்த ஊரின் அத்திவாரங்களும் வெளியே வந்துவிட்டன. இப்போது அங்கே நடைபாதை போட்டு, அதையும் சுற்றுலா இடமாக்கியிருக்கிறார்கள்.

மின்சாரமும் இரண்டு இடங்களிலும் பள்ளத்தை நோக்கிப் போகிறது. ஹூவர் அணைதான் வேகாஸின் வண்ண விளக்குகளை எரிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அதன் மின்சாரத்தில் பெரும்பங்கு கலிபோர்னியாவுக்கே போகிறது. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தேங்கும் நீர் லக்சபான நிலையங்களைச் சுழற்றி, பின் களனி கங்கையாகிக் கொழும்புக்கு இறங்குகிறது. அந்த நீர்த்தேக்கங்களின் கரையிலேயே இருந்த லயன்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம் மிக நீண்டது.

இருப்பதை வைத்துக் குடித்தனம் நடத்துவதில் வேகாஸ் முன்னே நிற்கிறது. கொலராடோ ஆற்றில் நெவாடாவின் பங்கு மிகச் சிறியது. அதனால் குளியலறை, சமையலறை நீரைச் சுத்திகரித்து மீண்டும் மீட் ஏரிக்கே அனுப்புகிறார்கள். அலங்காரத்துக்கு மட்டும் வளர்த்த புல்தரைகளை அகற்றும்படி 2021இல் சட்டமே வந்துவிட்டது. மழைக்குப் பஞ்சமில்லாத நுவரெலியாவில் கிரகரி வாவியில் சேரும் வண்டலும் கழிவும் ஒவ்வொரு சீசனுக்கும் முன்னர் பேச்சாக எழும். சீசன் முடிந்ததும் பேச்சும் முடியும்.

சூதாடுபவர் யார்

சூது நுவரெலியாவுக்குப் புதிதல்ல. ஏப்ரல் சீசனின் உச்சம், ஆளுநர் கிண்ணத்துக்கான குதிரைப் பந்தயம். மலர்க் கண்காட்சி, பாடசாலை பாண்ட் வாத்திய அணிவகுப்பு, 1934 முதல் பேர்பெற்ற மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டம் என்று எத்தனை இருந்தாலும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த கொழும்புக் கூட்டம் திரள்வது திடலில்தான். கசினோ மட்டும் மலைக்கு வரவில்லை. அது கொழும்பிலேயே நின்றுவிட்டது. 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அதை ஒழுங்குபடுத்த வந்தது. 2025 ஆகஸ்டில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ அங்கே திறந்தது. அதே மாதம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டமும் நிறைவேறியது.

ஆனால் மலையகத்தின் அன்றாடச் சூது வேறு இடத்தில் நடக்கிறது. ஹட்டன், தலைவாக்கலை போன்ற கடைத்தெருக்களில் ரேஸ் புக்கிக்குள் எட்டிப் பார்த்தால் இங்கிலாந்துக் குதிரைகள் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே பிற்பகல் என்றால் இங்கே இரவு தொடங்கும் நேரம். வேலை முடித்து வருபவருக்குத் தோதான நேரம். பக்கத்திலேயே லொத்தர் சீட்டு விற்கும் பெட்டிக் கடை. புக்கியில் நிற்பவர்கள் ஊர்க்காரர்கள். விடுமுறைக்கு வந்தவர் அந்தக் கதவைக் கவனிப்பதுகூட இல்லை.

வேகாஸில் நிலைமை தலைகீழ். ஊர்க்காரர்களுக்கென்று தனிக் கசினோக்கள் புறநகரில் உண்டு. பலசரக்குக் கடையிலும் விமான நிலையத்திலும்கூடச் சூதாட்ட இயந்திரம் நிற்கும். என்றாலும் ஊர் நடப்பது வெளியூர்க்காரர் தோற்கும் பணத்தில். ஆண்டுக்கு சுமார் 4 கோடிப் பேர் வந்து தோற்றுவிட்டுப் போகிறார்கள். நெவாடாவில் தனிநபர் வருமான வரி இல்லாததற்கு அவர்களின் கைக்காசும் ஒரு காரணம்.

தோல்வியின் அளவு அங்கே ஒளித்து வைக்கப்படவில்லை, சக்கரத்திலேயே எழுதியிருக்கிறது. ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள். பந்தயம் கட்டிய எண் விழுந்தால் 35 மடங்கு கிடைக்கும். ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் 37 குழிகள். நூறு டொலர் வைத்தால் சராசரியில் 2.70 டொலர் வீட்டுக்கு, அதாவது கசினோவுக்கு. இரட்டைப் பூச்சியத்தில் 38 குழிகள், 5.26 டொலர். இப்போது ஸ்ட்ரிப்பில் பரவிவரும் மூன்று பூச்சியச் சக்கரத்தில் 39 குழிகள், 7.69 டொலர். சுற்றுக்கு 10 டொலர் வீதம் மணிக்கு 40 சுற்று ஆடுபவரின் எதிர்பார்ப்பு இழப்பு முறையே சுமார் 11, 21, 31 டொலர். ஒரு மணி நேரப் பொழுதுபோக்குக்கு இந்த விலை சரியா என்று புறப்படும் முன்னரே தீர்மானிக்கலாம். புக்கியில் நிற்பவருக்கு இப்படி ஒரு கணக்கு முன்கூட்டிக் கிடைப்பதில்லை. குதிரைக்குக் குதிரை விகிதம் மாறும். ஒவ்வொரு விகிதத்துக்குள்ளும் கடைக்காரரின் பங்கு கரைந்து கிடக்கும்.

அளவில் வேகாஸ் பெரிய சூதாட்ட ஊர். தாங்கும் சக்தியை வைத்துப் பார்த்தால் பாரம் அதிகம் ஹட்டனில்தான். விடுமுறைக்கென்று ஒதுக்கிய டொலரில் தோற்பவருக்கும் நாட்சம்பளத்தில் தோற்பவருக்கும் இழப்பு ஒன்றல்ல.

படுக்கை விரிப்பவரும் கொழுந்து பறிப்பவரும்

1931 இரண்டு இடங்களிலும் தொழிலாளர் வரலாற்றிலும் நினைவுகூர வேண்டிய ஆண்டு. ஹட்டனைத் தளமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தது அந்த ஆண்டில். ஹூவர் அணைத் தொழிலாளர்கள் சுரங்க வெப்பத்துக்கும் சம்பளக் குறைப்புக்கும் எதிராக வேலைநிறுத்தம் செய்து தோற்றதும் அந்த ஆண்டில். அதற்குப் பின் பாதைகள் பிரிந்தன.

வேகாஸின் சமையல்காரர், பரிமாறுபவர், அறை சுத்தம் செய்பவர் எல்லோரும் சேர்ந்த சங்கம் கலினரி யூனியன் 226. சுமார் 60,000 உறுப்பினர். பெண்களும் குடியேறிகளும் அதிகம். 1991இல் ஃபிரன்டியர் ஹோட்டலில் 550 பேர் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்து 1998இல் வெற்றியோடு முடிந்தது. அத்தனை காலத்திலும் ஒருவர்கூடக் கட்டுப்பாட்டை மீறி வேலைக்குத் திரும்பவில்லை. 2023 நவம்பரில், ஊர் ஃபோர்முலா வன் காரோட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த வாரத்தில், வேலைநிறுத்தத் திகதி குறித்துவிட்டுச் சங்கம் பேரம் பேசியது. பெரிய கம்பனிகள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தினமும் அறை சுத்தம் செய்யப்பட வேண்டும் என்பதும், தனியே அறைக்குள் போகும் பெண்ணின் கையில் ஆபத்து அழைப்புப் பொத்தான் இருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தாக உள்ளன.

மலையகத்தில் 1948இன் குடியுரிமைச் சட்டம் தொழிலாளரின் பேரம் பேசும் பலத்தின் முதுகெலும்பையே முறித்தது. வாக்கு இல்லாதவரின் குரல் எங்கே எடுபடும்? பின்னர் குடியுரிமை மீண்டது. சங்கங்களும் கம்பனிகளும் கூட்டு ஒப்பந்தம் செய்யும் முறை வந்தது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் நடந்த இழுபறிக்குப் பின் 2021இல் சம்பளச் சபை அத்தொகையை நிர்ணயித்ததும், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. குறித்த கிலோ சேராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்.

வேகாஸில் அறை சுத்தம் செய்பவர் ஒரு நாளில் முடிக்க வேண்டிய அறைகளுக்கும் கணக்குண்டு. ஆனால் அவருடைய உழைப்பு சுற்றுலாவின் உழைப்பாகவே எண்ணப்படுகிறது. அறை வாடகை ஏறினால் பேரத்தில் அவர் அதைச் சுட்டிக்காட்டலாம். கொழுந்து பறிப்பவரின் உழைப்பு தேயிலைக் கணக்கில் மட்டும் வரும். நானுஓயாவில் இறங்குபவர் ரயில் ஜன்னலில் படம் பிடித்த அந்தப் பச்சை, அந்தத் தொழிலாளி கவ்வாத்து வெட்டியும் களை பிடுங்கியும் காத்த பச்சை. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரைமார் பங்களாக்களிலே இன்று ஓர் இரவு தங்க நூற்றுக்கணக்கான டொலர் ஆகும். கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாகிவிட்டது. அங்கே வேலைசெய்பவருக்குச் சம்பளமும் பில்லில் சேரும் 10 வீதச் சேவைக் கட்டணத்தில் பங்கும் கிடைக்கும். ஜன்னலுக்கு வெளியே நிரையில் நிற்பவருக்கு, படம் எடுத்தவர் நீட்டும் நூறு, இருநூறு ரூபாய்தான்.

வேகாஸைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஒரே காலில் நிற்கும் ஊர் அது. 2020இல் கொவிட் வந்ததும் கசினோக்கள் 78 நாட்கள் மூடப்பட்டன. ஏப்ரலில் நெவாடாவின் வேலையின்மை 30 வீதத்தைத் தொட்டது. அதே நாட்களில் ஊரடங்குக்குள்ளும் மலையகத் தோட்டங்களில் பிரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்பு நடந்தது, கொழுந்து இறங்கியது. தேயிலையும் மரக்கறியும் சீசனும் என்று பல காலில் நிற்பது மலையகத்தின் பலம். அந்தப் பலத்தைத் தாங்கும் தோளுக்குச் சீசனின் காசு இறங்கி வராததுதான் குறை.

தோட்டத்து ஆட்களின் விடுமுறை வேறு பஞ்சாங்கத்தில் இருக்கிறது. தீபாவளி முற்பணம், மாசியில் காமன் கூத்து, மாரியம்மன் திருவிழா, கொழும்புக் கடைகளில் வேலைசெய்யும் பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேரும் அந்த நாலு நாள். முற்பணம்கூட மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் கடன்.

எப்போது, எப்படி

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பின் திட்டமிடலாம். வேகாஸுக்கு மார்ச், ஏப்ரல் அல்லது ஒக்டோபர், நவம்பர் நல்லது. ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால் வாடகை இறங்கும். விளம்பரத்தில் காணும் வாடகை முழு வாடகை அல்ல. வரி மேலே ஏறும். 21 வயதுக்குக் குறைந்தவர் ஆட்டக் களத்தில் நிற்கக்கூடாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் ரெட் ரொக் பள்ளத்தாக்குக்கும் வெலி ஒஃப் ஃபயருக்கும் ஒரு நாள் ஒதுக்கினால் பாலையின் உண்மையான அழகைக் காணலாம். சூதுக்கு என்று எடுத்துவைத்த பணத்தைச் செலவுப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நுவரெலியாவுக்குப் பந்தயமும் மலர்க் காட்சியும் வேண்டுமென்றால் ஏப்ரலைத் தவிர வேறு வழியில்லை. மலை வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை போகலாம்: வானம் தெளிந்திருக்கும், விடியலில் புல்லில் பனி உறையும், நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும் பருவமும் அதுவே. ஹட்டனில் தங்கினால் செலவு குறையும். சீத்தா எலிய அம்மன் கோயிலையும் ஹக்கலைப் பூங்காவையும் ஒரே நாளில் முடித்துத் திரும்பலாம். நானுஓயா ரயிலுக்கு ஆசனப் பதிவு முன்கூட்டியே வேண்டும். கண்டியிலிருந்து றம்பொடை வழியும் அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியும் இரண்டுமே வளைவுகள் நிறைந்தவை. 2025 நவம்பரின் டித்வா புயலில் மண் சரிந்த மலைகள் இவை. மழைக்காலத்தில் பாதை நிலவரம் கேட்காமல் புறப்படக்கூடாது.

மலை எதைக் கடன் வாங்கலாம்

கொழும்பில் கசினோ வளர்கிறது. டொலர் வேண்டுமென்றால் மலைக்கும் ஒன்று வரட்டுமே என்ற பேச்சு எந்த நாளும் எழக்கூடியது. வேகாஸை அரைகுறையாகப் படித்தவர்களின் பேச்சு அது. ஸ்ட்ரிப்பின் பெரிய விடுதிகளில் இன்று சூதைவிட அறை, சாப்பாடு, கலைநிகழ்ச்சி ஆகியவை தரும் வருமானமே அதிகம். அந்த ஊரிலிருந்து கடன் வாங்க வேண்டியவை ஒப்பந்தமும் அறை வரியும்.

அங்கே விடுதி அறை ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 வீத வரி உண்டு. அதில் ஒரு பகுதி பாடசாலைகளுக்குப் போகிறது. 2016இல் தீர்மானித்தபடி 75 கோடி டொலர் அந்த வரியிலிருந்து ஒரு விளையாட்டரங்கம் கட்டவும் போனது. விளையாட்டரங்கத்துக்கு வரி போட முடிந்தால் வீட்டுக்கு ஏன் முடியாது? தோட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பங்களா ஹோட்டலும், ஓர் அறையின் ஓர் இரவுக்கு 2024இல் நிர்ணயித்த ஒரு நாட்சம்பளத்தின் அளவை, அதாவது 1,350 ரூபாயை, அந்தத் தோட்டத்தின் வீடமைப்புக்கென்று சட்டப்படி ஒதுக்கட்டும். நூற்றுக்கணக்கான டொலர் கொடுக்கும் பயணிக்கு இது நாலரை டொலர் அளவு. பில்லில் கண்ணில் படாது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கேட்டு லயனில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது சிமெந்தும் கூரைத் தகடும். பத்து அறை உள்ள விடுதியில் நூறு இரவு நிரம்பினால் 13 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் சேரும். அடுத்த சீசனுக்கு முன்னர் உள்ளூராட்சி சபைகளும் கம்பனிகளும் சங்கங்களும் ஒரே மேசையில் பேச வேண்டிய தொகை இது.